ஊர் திரும்பியவர் ஊராராவது

வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்பது தெரிந்ததே. ஹாரன் சத்தம், குப்பை, வெயில், வரிசையை மதிக்காத கூட்டம், சொன்ன நேரத்துக்கு வராத பிளம்பர் என்று ஒரு பட்டியல் ஓடும். அதற்கு எதிராக அம்மா கைச்சமையல், கோயில் திருவிழா, பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி, வீட்டு வேலைக்கு ஆள் என்று இன்னொரு பட்டியல் வரும். இரண்டையும் கூட்டிக் கழித்து, திரும்பி வந்தது சரியா தவறா என்று தீர்ப்பு சொல்வது வழக்கம். அமெரிக்காவில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பி, இங்கே மறுபடியும் காலூன்றப் பாடுபட்ட ஆண்டுகளை இப்போது நினைத்துப் பார்க்கையில், இரண்டு பட்டியலும் விஷயத்தின் மையத்தைத் தொடவே இல்லை என்று எனக்குப் படுகிறது. இந்தியாவில் அன்றாட வாழ்க்கை பாதி எழுதிவைத்த விதியால் நடக்கிறது. மீதி, ஆட்களோடு உள்ள பழக்கத்தால் நடக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் காலத்தில் நம் கையைவிட்டு மெல்லக் கரைவது இந்த இரண்டாவது பாதி. திரும்பி வந்தவர் முதல் சில ஆண்டுகளில் படும் அவதியில் பெரும்பங்கு, தெருவிலும் உறவிலும் அலுவலகத்திலும் அவரைத் தெரிந்தவர்கள் குறைந்துபோனதால் வருவது. அதைப் பணத்தாலோ பொறுமையாலோ ஈடுகட்ட முடியாது. புதிதாகச் சம்பாதித்துத்தான் ஆக வேண்டும்.

திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. வளைகுடா நாடுகளில் வேலை செய்பவருக்கு அங்கே பொதுவாகக் குடியுரிமை என்ற பேச்சே கிடையாது. வேலை முடிந்தால் விசா முடிந்தது, ஊர் திரும்ப வேண்டியதுதான். அமெரிக்காவில் எச்-1பி விசாவுக்குப் பொதுவாக 6 ஆண்டு உச்சவரம்பு. கிரீன் கார்டு வரிசையில் நிற்பவருக்கு அது நீளும் என்றாலும், எந்த நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற விதியால் இந்தியர்களின் வரிசை நகர்வதே இல்லை. வேலை போனால் 60 நாள் அவகாசம். இவர்களைத் தவிர, வயதான பெற்றோருக்காக வருபவர்கள், மகள் பெரியவளாவதற்குள் என்று நாள் குறித்து வருபவர்கள், சிங்கப்பூரில் ஒப்பந்தம் முடிந்து வருபவர்கள் என்று பல வகை. இவர்களில் யாரையும் அரசு முறையாக எண்ணுவதில்லை. போவதற்குத்தான் கணக்கு இருக்கிறது. 2022-ல் மட்டும் 2,25,620 பேர் இந்தியக் குடியுரிமையைத் துறந்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. வெளிநாட்டு இந்தியர்கள் அனுப்பும் பணத்தை ரிசர்வ் வங்கி கணக்கு வைத்திருக்கிறது; 2023-24-ல் அது ஏறத்தாழ 11,870 கோடி டாலர். போனவர் பணமாக வரும்வரை புள்ளிவிவரத்தில் இருக்கிறார். ஆளாகவே வந்து சேர்ந்தபின் காணாமல் போகிறார். அதனால்தான் திரும்புதல் என்பது ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகச் சமாளிக்கும் சொந்த விவகாரமாகவே இன்னும் இருக்கிறது.

முதலில் எழுதிவைத்த பாதியை எடுத்துக்கொள்வோம். 2005 வாக்கில் கிளம்பிப் போனவர் 2021-ல் திரும்பினால் காகித அளவில் அவர் நுழைவது வேறொரு நாடு. ஆதார் 2010-ல் வந்தது. யுபிஐ 2016-ல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. 2017-ல் ஜிஎஸ்டி, 2021 பிப்ரவரியில் சுங்கச்சாவடிகளில் பாஸ்டேக் கட்டாயம். இந்தியக் கைபேசி எண் இல்லாமல் ஓடிபி வராது. ஓடிபி இல்லாமல் வங்கியும் நகராது, கேஸ் சிலிண்டரும் வராது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் வந்த உடனே ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம்; ஓசிஐ அட்டைக்காரர் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) முந்தைய 12 மாதங்களில் 182 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும். வங்கியில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஈ கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். வருமான வரியில், முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டு வெளிநாட்டுவாசியாக இருந்தவருக்கும், முந்தைய 7 ஆண்டுகளில் 729 நாளுக்கு மிகாமல் இங்கே தங்கியவருக்கும் ஓர் இடைநிலைத் தகுதி உண்டு. அது நீடிக்கும்வரை வெளிநாட்டில் ஈட்டும் வருமானத்துக்குப் பொதுவாக இங்கே வரி இல்லை. அது முடிந்தபின் வெளிநாட்டுச் சொத்து, கணக்கு அத்தனையையும் வரிப்படிவத்தில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் அபராதம் பாயலாம். பிள்ளைகள் ஓசிஐ அட்டைக்காரர்கள் என்றால், 2021 மார்ச் 4 அறிவிக்கைப்படி நீட் போன்ற தேர்வுகளில் என்ஆர்ஐ இடங்களுக்கு மட்டுமே போட்டியிடலாம். அந்தத் தேதிக்கு முன்பே அட்டை பெற்றவர்களுக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. தலை சுற்றுகிற விஷயங்கள்தாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி இருக்கிறது, ஒரு படிவம் இருக்கிறது, கட்டணம் வாங்கிக்கொண்டு முடித்துக்கொடுக்க ஆடிட்டர் இருக்கிறார். இரண்டு நிதியாண்டுக்குள் எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிடும். காகித வேலை முழுக்க முடிந்த பிறகும் ஊரில் ஒட்டாமல் தவிப்பவர்கள் ஏராளம் என்பதிலிருந்தே, சிக்கலின் வேர் காகிதத்தில் இல்லை என்பது தெளிவு.

வேர் எங்கே என்று பார்க்கச் சென்னையில் தண்ணீரை எடுத்துக்கொண்டால் போதும். ஒரு சாதாரண வீட்டுக்குக் குடிநீர் வாரியக் குழாய், போர்வெல், லாரி, கேன் என்று நான்கு வழியில் தண்ணீர் வருகிறது. குழாயில் எந்த நேரத்தில் வரும், எப்போது மோட்டார் போட்டு சம்பிலிருந்து ஏற்ற வேண்டும், கோடையில் போர் எந்த மாதம் வற்றும், எந்த லாரிக்காரர் சுத்தமான தண்ணீர் கொண்டுவருவார், கேன் போடுகிற பையன் வராத நாளில் யாரைக் கூப்பிடுவது — இதில் எதுவும் எந்த இணையதளத்திலும் இல்லை. பக்கத்து வீட்டாருக்குத் தெரியும். தெருமுனைக் கடைக்காரருக்குத் தெரியும். வாட்ச்மேனுக்கு நிச்சயம் தெரியும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டுபோய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நாளில் தனியார் லாரிக்காரர் தமக்கு வாடிக்கையான வீடுகளைத்தான் முதலில் பார்ப்பார். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. நாளைக்கும் தன்னிடம் வாங்கப் போகிறவரைக் காப்பாற்றிக்கொள்வது வியாபாரம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரமும் கைபேசியும் ஓய்ந்தபோது, மீனவர்கள் படகோடு ஊருக்குள் வந்து ஆட்களை மீட்டார்கள். எந்த மாடியில் முதியவர் தனியாக இருக்கிறார் என்பதை அன்று சொல்லக்கூடியவர்கள் அக்கம்பக்கத்தார் மட்டுமே. அரசின் கட்டமைப்பு எங்கெல்லாம் முடிந்துபோகிறதோ அங்கெல்லாம் பழக்கம் தொடங்குகிறது. நம் நாட்டில் அந்தக் கட்டமைப்பு சீக்கிரமே முடிந்துபோகிறது.

இந்தப் பழக்கம் தானாக வளர்வது போலத் தோன்றினாலும் அதற்குக் கண்டிப்பான கணக்கு உண்டு. தமிழ்நாட்டில் அந்தக் கணக்கு மொய் நோட்டில் எழுதியே வைக்கப்படுகிறது. பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி மாதம் நடக்கும் மொய் விருந்துகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. யார் எவ்வளவு செய்தார், யாருக்குத் திரும்பச் செய்ய வேண்டும் என்பது தலைமுறை தாண்டியும் நிற்கும். பணக்கணக்கைவிட நுட்பமானது வந்து நின்றதற்கான கணக்கு. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போயே ஆக வேண்டும் என்பது நம் ஊர்களில் எழுதாத சட்டம். வெளிநாட்டில் இருப்பவர் இந்தச் சட்டத்தை ஆண்டுக்கணக்கில் மீறுகிறார். மீறாமல் இருக்க அவரால் முடியாது. பெரியப்பா இறந்த செய்தி அங்கே நள்ளிரவில் வரும். விடுப்பு கேட்டு, டிக்கெட் எடுத்து வருவதற்குள் காரியமே முடிந்துவிடும். ஆகவே அவர் பணம் அனுப்புகிறார், போனில் துக்கம் விசாரிக்கிறார், அடுத்த விடுமுறையில் சாக்லேட்டும் வாசனைத் திரவியமும் கொண்டுவருகிறார். உறவினர்கள் இதை மதிப்பார்கள், நன்றியும் சொல்வார்கள். ஆனால் தோள் கொடுத்த கணக்கில் அது வரவாகாது. திரும்பி வந்த பிறகு தன் வீட்டுக் காரியத்துக்கு ஆள் கூடாதபோது, எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று அவர் வருந்துகிறார். யாரும் மாறவில்லை, அவர் பெயருக்கு எதிரே வரவு குறைவு, அவ்வளவுதான்.

திரும்பி வருவதிலுள்ள இந்த முரணை அறிஞர்கள் முன்பே கவனித்திருக்கிறார்கள். வியன்னாவை விட்டு வெளியேறி நியூயார்க்கில் குடியேறிய சமூகவியலாளர் ஆல்ஃபிரெட் ஷூட்ஸ், போர் முடிந்து வீடு திரும்பும் வீரர்களைப் பற்றி 1945-ல் ஒரு கட்டுரை எழுதினார். யுலிசீஸ் தன் சொந்தத் தீவில் இறக்கிவிடப்பட்டும் அதை அடையாளம் காணாத காட்சியோடு அது தொடங்குகிறது. அந்நியர் ஒருவர் புது ஊருக்குள் வரும்போது எல்லாம் புதிதாக இருக்கும் என்று எதிர்பார்த்தே வருகிறார். வீடு திரும்புபவரோ எல்லாம் தெரிந்ததாகவே இருக்கும் என்று நம்பி வருகிறார் என்பது அவர் வாதம். நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர்களை ஆராய்ந்த லிஸ்கார்ட் 1955-ல் ஒன்றைக் காட்டினார்: புது நாட்டில் முதலில் உற்சாகம், பிறகு சரிவு, பிறகு தேறுதல். அமெரிக்க ஆய்வாளர்களான குல்லாஹார்ன் தம்பதியர் 1963-ல், வீடு திரும்பிய பிறகும் அதே சரிவும் தேறுதலும் மறுபடி நடக்கின்றன என்று அந்தக் கண்டறிதலை நீட்டினார்கள். இந்த ஆய்வுகள் மனநிலையைத்தான் அளந்தன. அந்தச் சரிவுக்கு இந்தியாவில் என்ன காரணம் என்று கேட்டால், என் பதில் மேலே சொன்னதுதான். வந்து இறங்கியதும் வரவேற்பு தடபுடலாக இருக்கிறது. சில மாதத்தில் விருந்தாளி என்ற தகுதி முடிந்துவிடுகிறது. ஊர்க்காரர் என்ற தகுதி இன்னும் வந்திருக்காது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் காலத்தில்தான் மனம் ஒடிகிறது, திரும்பிப் போய்விடலாமா என்ற பேச்சு வீட்டுக்குள் எழுகிறது.

இந்த இடைக்காலத்தை எப்படிச் செலவிடலாம் என்பதற்கு நம் வரலாற்றில் மிகச் சிறந்த சான்று காந்திதான். 1893-ல் தென்னாப்பிரிக்கா போன அவர் 1915 ஜனவரி 9 அன்று பம்பாயில் வந்திறங்கினார். அந்த நாளையே இன்று வெளிநாடுவாழ் இந்தியர் தினமாகக் கொண்டாடுகிறோம். புகழோடு வந்தவரிடம், ஓராண்டுக்குப் பொது விஷயங்களில் கருத்துச் சொல்லாமல் நாட்டைச் சுற்றிப் பார்க்கும்படி மூத்த அரசியல் தலைவர் கோகலே வாக்கு வாங்கிக்கொண்டார். கோகலே அடுத்த மாதமே காலமாகிவிட்டபோதும் காந்தி அந்த வாக்கைக் காப்பாற்றினார். மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் நாடு முழுக்கப் போனார். அந்த ஏப்ரலில் சென்னைக்கு வந்து தம்புச் செட்டித் தெருவில் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன் வீட்டில் தங்கினார். பிறகு தரங்கம்பாடி, மாயவரம் பக்கம் போனார். தென்னாப்பிரிக்காவில் தம்மோடு சிறை சென்ற தமிழர்களின் ஊர்கள் அந்தப் பக்கம் என்பதால் அந்தப் பயணம் ஒரு வகையில் கடன் தீர்த்தலும்கூட. தென்னாப்பிரிக்காவில் செய்ததை இங்கே செய்துகாட்டுகிறேன் என்று அவர் ஆரம்பிக்கவில்லை. ஆட்களைத் தெரிந்துகொண்டார், தம்மைத் தெரியப்படுத்திக்கொண்டார். அங்கே எப்படியிருந்தது என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒப்பிட்டுப் பேசும் நம்மைப் போன்றவர்களுக்குக் கோகலேயின் நிபந்தனையைவிடப் பயனுள்ள அறிவுரை வேறில்லை.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு எளிமையானது: மாசும் நெரிசலும் உண்மையான கேடுகள், அவற்றை ஆள்பழக்கம் என்று மழுப்பக் கூடாது. ஒப்புக்கொள்கிறேன். குளிர்காலத்து டெல்லிக் காற்று யாரைத் தெரிந்திருந்தாலும் நுரையீரலுக்குள் போகத்தான் செய்யும். நடைபாதை இல்லாத சாலையில் நடக்கும் முதியவருக்கு அறிமுகங்கள் உதவா. ஆஸ்துமா உள்ள பிள்ளையை வைத்திருப்பவர் அதை முன்னிட்டே ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் சொல்வது வேறு. இதே காற்றையும் இதே சாலையையும் அனுபவிக்கும் கோடிக்கணக்கானவர்கள் அதற்காக ஊரைவிட்டுக் கிளம்பும் எண்ணத்தில் தினமும் இல்லை. கஷ்டம் அவர்களுக்கும் உறைக்கிறது. ஆனால் அதை அவர்கள் தனியாகச் சுமக்கவில்லை. மழைநீர் வடியாத தெருவைப் பற்றிக் கவுன்சிலரிடம் முறையிட நான்கு வீட்டார் சேர்ந்து போகிறார்கள். மின்தடை என்றால் மின்வாரிய அலுவலகத்துக்கு யார் போன் செய்வது என்பது முடிவாகியிருக்கிறது. திரும்பி வந்தவர் அதே தெருவில், கதவைச் சாத்திக்கொண்டு, கோபத்தோடு தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தைச் செயலாக மாற்றும் கூட்டாளிகள்தாம் அவருக்கு இல்லை. வெளிநாட்டில் கற்றுவந்த ஒழுங்குணர்வுக்கு ஊரில் பயன் இருக்க வேண்டுமானாலும் முதலில் ஊரார் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றிருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்றைய காலத்துக்குரியது. மளிகை பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வருகிறது, எலக்ட்ரீசியன் செயலியில் வருகிறார், பணம் கைபேசியில் போகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் நீச்சல்குளத்தோடு அடுக்குமாடிக் குடியிருப்பு கிடைக்கிறது. பிறகு யாரைத் தெரிந்து என்ன ஆக வேண்டும் என்பது வாதம். பாதி உண்மை இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் திரும்பியவர்கள் பட்ட சில்லறைத் தொல்லைகள் பல இன்று இல்லை. ஆனால் அந்தக் குடியிருப்புகளில் கொஞ்ச காலம் வாழ்ந்தவர்களுக்கு அங்கே நடப்பது தெரியும். தண்ணீர் லாரி ஒப்பந்தம், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் பழுது, பராமரிப்புக் கட்டணம், பில்டர் ஒப்படைக்காத பத்திரம் என்று எல்லாமே அசோசியேஷன் கூட்டத்தில் வந்து நிற்கின்றன. அங்கே யார் பேச்சு எடுபடுகிறது? விதிமுறையை மனப்பாடமாகச் சொல்பவர் பேச்சைவிட, பொங்கல் விழாவுக்குக் கோலப்பொடி வாங்கி வந்தவர் பேச்சு எடுபடுகிறது. மதிலுக்கு வெளியே தவிர்க்க நினைத்த ஊர் மதிலுக்கு உள்ளேயும் இருக்கிறது. உடல்நலம் இன்னும் தெளிவான உதாரணம். ஐம்பது வயதில் திரும்புபவருக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்கும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 36 மாதம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு மார்பு வலித்தால் காரை எடுத்துக்கொண்டு வரப்போவது காப்பீட்டு நிறுவனம் இல்லை. செயலி வேலையை முடித்துத் தரும். ஆளை அறிமுகப்படுத்தித் தராது. ஒவ்வொரு முறையும் புது எலக்ட்ரீசியன் வருகிற வீடு, எத்தனை ஆண்டானாலும் யாருக்கும் தெரியாத வீடாகவே இருக்கும்.

மூன்றாவது மறுப்புதான் உண்மையிலேயே கனமானது. தெரிந்தவர், வேண்டியவர், நம்மவர் என்பதெல்லாம் இந்த நாட்டில் சாதிக்கு இட்ட பூச்சு. விதிகளால் நடக்கும் சமூகத்தில் மனிதராக மதிக்கப்பட்டு வாழ்ந்துவிட்டு வந்தவரை மறுபடியும் பழக்கத்தின் காலடிக்குப் போகச் சொல்வது அநீதி என்று ஒருவர் கேட்கலாம். இதற்கு அம்பேத்கரின் வாழ்க்கையே சாட்சி. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகை ஒப்பந்தப்படி 1917-ல் அங்கே வேலைக்குப் போனார். அவ்வளவு படித்தவருக்கு அந்த ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மாற்றிக்கொண்டு தங்கினார். அதுவும் தெரியவந்து, தடியோடு வந்த கும்பல் அவரை வெளியேற்றியது. அலுவலகத்தில் சிப்பந்திகள் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் எறிந்தார்கள். வெளிநாட்டில் கழித்த ஆண்டுகளில் தாம் தீண்டப்படாதவர் என்ற நினைவே தம்மைவிட்டு அகன்றிருந்ததைப் பின்னாளில் அவரே எழுதினார். ஒரே பத்தாண்டுக்குள் நடந்த இரண்டு திரும்புதல்கள் இவை: காந்திக்கு ஊரூராக வரவேற்புப் பந்தல், அம்பேத்கருக்குப் படுக்க இடமில்லை. பெண்களுக்கும் இந்த மறுப்பில் பங்கு உண்டு. அங்கே தன் காரைத் தானே ஓட்டி, தன் சம்பளத்தைத் தானே வைத்திருந்த பெண் இங்கே மருமகளாக இறங்குகிறாள். அவளைத் தெரிந்த ஒவ்வொரு முகமும் அவள் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்று கணக்கெடுக்கும் முகம்.

இந்த மறுப்பை என்னால் தள்ளிவிட முடியாது. என் வாதத்தை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளத்தான் முடியும். பழக்கம் பிறப்பிலிருந்தே வர வேண்டும் என்றில்லை. அதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையின் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக இருந்தது. அப்படி வந்தவர்களில் பலர் இந்தியாவை அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவர்களுக்கென 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் அவர்கள் குடியேறினார்கள். அதே காலத்தில் பர்மாவிலிருந்து கையில் ஏதுமில்லாமல் வந்தவர்கள் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் கடை போட்டார்கள். அதுதான் பர்மா பஜார். பரம்பரை நிலமோ, ஊர்ப் பெருமையோ, மொய் நோட்டில் பெயரோ அவர்களுக்கு இல்லை. பக்கத்துக் கடைக்காரர், ஒரே கப்பலில் வந்தவர், தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசைவீட்டில் இருந்தவர் என்ற அடிப்படையில் புதிதாக ஒரு பழக்கத்தைக் கட்டினார்கள். அவர்கள் பட்ட துன்பத்தை நான் சிறிதாக்கவில்லை. கொடுத்த வாக்குகளில் பல காகிதத்திலேயே நின்றன. ஆனாலும் தொழிலால், தெருவால், ஒன்றாகப் பட்ட கஷ்டத்தால் உருவாகும் உறவு, இரத்தத்தாலும் சாதியாலும் வரும் உறவுக்கு நிகராக நிற்கும் என்பதை அவர்கள் காட்டிவிட்டார்கள். திரும்பி வருபவருக்கு இதில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. பழைய கணக்கு தேய்ந்துபோனவர் புதிய கணக்கை யாரோடு தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கலாம். தப்பித்துப்போன வளையத்துக்குள்ளேயே மறுபடி நுழைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இது படித்த, வசதியுள்ள கூட்டத்தின் கவலை, வளைகுடாவிலிருந்து வெறுங்கையோடு வருபவருக்கு இதெல்லாம் ஆடம்பரம் என்று சொல்பவர்களும் உண்டு. கொரோனா காலத்தில், 2020 மே 7 முதல் வந்தே பாரத் விமானங்களில் வேலையிழந்து வந்திறங்கியவர்களுக்கு முதல் தேவை வருமானமாகத்தான் இருந்தது, உண்மை. ஆனால் அவர்களிடம்தான் இந்த வாதம் இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. இராமநாதபுரம், தஞ்சைக் கடலோர ஊர்களில் சபுராளியின், அதாவது கடல்கடந்து சம்பாதிப்பவரின், வீட்டுக்கு என்று ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பு மாதாமாதம் வரும் பணத்தின் மீது நிற்கிறது. பணம் நின்ற மாதத்திலிருந்து அதுவும் ஆட்டம் காண்கிறது. இருபது வருடம் இரண்டாண்டுக்கு ஒருமுறை மட்டும் வீட்டுக்கு வந்துபோன தகப்பன், நிரந்தரமாக வந்து உட்காரும்போது சொந்தப் பிள்ளைகளுக்கே விருந்தாளி. தன் ஊதியத்தில் மனைவி நடத்திவந்த குடும்பத்தில் தனக்கு என்ன வேலை என்று அவருக்குத் தெரிவதில்லை. அவருக்குக் கடன் உதவி வேண்டும், வேலை வேண்டும். அதோடு சேர்த்து, பணம் அனுப்புகிறவர் என்பதைத் தாண்டி ஓர் ஆளாக ஊரில் மறுபடி நிலைபெறவும் வேண்டும். முன்னதைச் செய்ய அரசுத் திட்டங்கள் ஓரளவு இருக்கின்றன. பின்னதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

ஆகவே, திரும்பி வர நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வரிக்கணக்கையும் வங்கிக்கணக்கையும் ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்; அவர் பார்த்துக்கொள்வார். வந்த முதல் ஆண்டில் வீடு வாங்க வேண்டாம். வாடகைக்கு இருங்கள், தெருவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பெற்றோர் இருக்கும்போதே அவர்களுடைய மருந்துக்கடைக்காரர், ஆட்டோக்காரர், பால்காரர், பக்கத்து வீட்டார் எல்லோரையும் நேரில் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அப்பா அம்மா ஐம்பது ஆண்டு சேர்த்துவைத்த அந்தப் பழக்கத்தைவிடப் பெரிய சொத்து எதையும் அவர்கள் உங்களுக்கு விட்டுச்செல்லப் போவதில்லை. அழைக்காவிட்டாலும் துக்கத்துக்குப் போங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி தேடும்போதே விளையாடத் தெருவையும் தேடுங்கள். அங்கே எப்படி என்ற ஒப்பீட்டை ஓராண்டுக்கு நிறுத்திவையுங்கள். இங்கேயே இருந்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: திரும்பி வந்தவரை ஏமாந்த பணக்காரர் என்றோ தோற்று வந்தவர் என்றோ பார்க்காதீர்கள், தெருக் கூட்டத்துக்கு அவரையும் கூப்பிடுங்கள். அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. யாரைத் தெரியும் என்று கேட்காமலே குழாயில் தண்ணீர் வரும் நாள் வந்தால், பழக்கத்தை நாம் பிழைப்புக்காகச் சேர்க்க வேண்டியிருக்காது, விருப்பத்துக்காகச் சேர்க்கலாம். அந்த நாள் வரும்வரை, ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தவராக இருப்பதுதான் இந்தியாவில் குடியேறியதற்கு உண்மையான அத்தாட்சி.